நாற்பத்து மூன்றாவது படம்

ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்தேன்.
யூக்கா வெந்த அண்டாவில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.
பெல்ஜியக்காரர் விட்டுப்போன கேமராவை
அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்தேன்.
ஈரம் உறிஞ்ச அந்த அரிசி.
அதை நான் சமைப்பதில்லை என்றால்
படகோட்டி வில்மர் நம்ப மாட்டான்.

லென்ஸுக்குள் பூஞ்சை. வாடகை தராத குடித்தனம்.
எடுக்கிற படத்திலெல்லாம் இடது மூலையில்
ஒரு சாம்பல் நூல் விழும்.
லென்ஸைத் திருப்பி மாட்டி, டேப் சுற்றி,
பிளாஷுக்கு முன்னால்
பால் கேனில் வெட்டிய வெள்ளைத் துண்டு.
இவ்வளவுதான் என் சாமான்.
நேப்போ ஆற்றங்கரையில் இதற்கு மேல் வைத்திருப்பவர்கள்
விமானத்தில் வந்தவர்கள்.

ஆய்வு நிலையத்துக்குப் பின்னால் இருநூறு தப்படி.
கொங்கா எறும்பு ஏறாத மரமாகப் பார்த்து
முழங்கால் ஊன்றினேன்.

இலைக்கு அடியில் அவள்.
முதுகில் முள் முளைத்த தத்துப்பூச்சி,
நெல்மணி நீளம்.
வயிற்றுக்குக் கீழே முட்டைகள்
சீப்புப் பல் போல நெருக்கமாய்.

இந்த லென்ஸில் தெளிவு என்பது
தாளின் கனம்தான்.
கண் தெளிந்தால் கால் மங்கும்.
கால் தெளிந்தால் கண் போய்விடும்.
மூச்சு விட்டால் இலை மொத்தமும்
பக்கத்து நாட்டுக்குப் போய் வருகிறது.
மூச்சைப் பிடித்தால்
என் கழுத்து நரம்பு துடிப்பது
அவள் உடம்பில் தெரிகிறது.
காதுமடலில் உட்கார்ந்த கொசு
அவசரமில்லாமல் சாப்பிட்டு எழுந்தது.

நாற்பத்து மூன்றாவது தடவை அழுத்தும்போது
சிறகை அதிர்த்தாள்.
பின்னங்காலைத் தூக்கி உதைத்தாள்.
என்னைத்தான் என்று நினைத்தேன்.
நெல்மணி அளவில் ஒருத்தி என்னை விரட்டுகிறாள்!
பாத்திரம் கழுவும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஜெனரேட்டர் ஓடியது.
லேப்டாப்பில் பார்த்த வில்மர் தங்கிலா
வாயைத் திறந்தபடி இருந்தான்.
சாப்பாட்டறையில் மாட்டலாம் என்றான்.
அப்புறம், 'இந்தத் தூசியை அழித்துவிடவா?'

எந்தத் தூசி?
பெரிதாக்கினான்.
தூசிக்குச் சிறகு இருந்தது.
சிறகோரத்தில் மயிர் இருந்தது.
இன்னும் பெரிதாக்கினான்.
எள்ளில் கால் பங்கு இருக்கும் ஒரு குளவி,
கடைசி வரிசை முட்டையொன்றில்
வயிற்று நுனியை இறக்கியிருந்தது.

அந்த உதை எனக்கில்லை.

வில்மரின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.
அழித்தால் நல்ல படம்.
'கையை எடு' என்றேன்.
தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

பிறகு தினமும் போனேன்.
கேமரா இல்லாமலும் போனேன்.
மழையில் இலை கவிழ்ந்து நிமிர்ந்தது;
அவள் விழவில்லை.
எறும்பு வந்தது, உதைத்தாள்.
என் விரல் போனது, அதற்கும் உதைதான்.

பதினெட்டாம் இரவு. இல்லை, பத்தொன்பது.
மழையில் கணக்கு தவறிவிட்டது.
முட்டைகள் பிளந்து
வெளிறிய குஞ்சுகள் நரம்போரம் ஒட்டிக் கிடந்தன.
கடைசி வரிசை மட்டும் கறுத்து நின்றது.
அதில் ஒன்றில் வட்டமாய் ஒரு துளை.
துளையில் ஒரு தலை.

வெளியே வந்து,
அவள் வயிற்றுக்கு அடியிலேயே நின்று,
நனைந்த சிறகைப் பிரித்துக் காயவிட்டது அது.
அதையும் சேர்த்துத்தான்
இத்தனை இரவும் மழை படாமல் வைத்திருந்திருக்கிறாள்.
தெரிந்தா, தெரியாமலா?
உதைக்கிற கால் அப்போது
அசையாமல் இருந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

அழுத்தினேன்.
ஒரு படம், உடனே பேட்டரி போய்விட்டது.
சின்னத் திரை அணைவதற்குள் தெரிந்தது:
அவளும் மங்கல், அதுவும் மங்கல்,
நடுவில் ஓடும் இலை நரம்பும்
மூலையில் பூஞ்சை நூலும் மட்டும்.

இன்னொரு பேட்டரி சமையலறையில் இருக்கிறது.
விடிந்தால் பதினான்கு பேருக்கு
வாழைக்காய் உரிக்க வேண்டும்.
முழங்காலில் சேறு குளிர
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.